ஈரத்தை எடுப்பதே முதல் மருந்து

மழைக்காலத்தில் குதிரைக்கு வரும் தோல் நோயைக் கண்ணைவிட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். குளிருக்கு ரோமம் நீண்டு அடர்ந்து நிற்கிற முதுகைத் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரோமத்துக்குள் விரல்களை நுழைத்து, தோலை ஒட்டியே பிடரியிலிருந்து வால் வரை மெல்லத் தடவிக்கொண்டு போனால், எங்கோ ஓரிடத்தில் குருணை அளவுக்கு ஒன்று சொரசொரவென்று தட்டும். அன்றைக்கே கவனித்தால் வெந்நீர், துணி, கொஞ்சம் மருந்து, காய்ந்த கொட்டகை, இவ்வளவோடு வேலை முடிந்துவிடும். விட்டுவிட்டால் முதுகெங்கும் பொருக்கு ஏறி, சேணம் வைக்க முடியாமல், கை பட்டாலே குதிரை உதறும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமன். கொடைக்கானல் ஏரிச் சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் குதிரை விடுகிறவர். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், மாமாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அம்மா என்னை வத்தலக்குண்டிலிருந்து மலைக்கு அனுப்பினார். ஒத்தாசைக்குப் போனவன் அந்தத் தொழிலிலேயே தங்கிவிட்டேன். குதிரையை நடத்திக்கொண்டு போகக் கற்றுக்கொள்வது சுலபம். ஒரு குதிரையின் தோல் கெடாமல் மழைக்காலத்தைக் கடக்க வைப்பதுதான் பெரிய வித்தை. அந்த வித்தையில் மாமா சொல்லித் தந்ததையும், எங்கள் பகுதி கால்நடை மருத்துவர் விளக்கியதையும், என் கை அனுபவத்தில் உறுதியானதையும் இங்கே எழுதுகிறேன்.

மழையில் நிற்கும் தொழில்

கொடைக்கானலுக்கும் குதிரைக்குமான உறவு பழையது. மோட்டார் ஏறும் மலைச்சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கமிருந்து மேலே வந்தவர்கள் மட்டக்குதிரையிலும் பல்லக்கிலும்தான் வந்தார்கள். 1863-ல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் முயற்சியால் ஏரி உருவானது. அதைச் சுற்றி ஓடும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலைதான் இன்றைக்கு எங்கள் பிழைப்பு.

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலும் மேயும் சீசன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரை விடாது. ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைக் கூட்டமும் அந்த மழைக்குள்தான் வருகிறது. கூட்டம் வரும் நாளில் குதிரையைக் கொட்டகையில் கட்டிவைக்க யாருக்கும் மனம் வராது. அதனால் நனைந்த முதுகின்மேல் நனைந்த கம்பளி, அதன்மேல் சேணம், அதன்மேல் ஆள் என்று சவாரி நடக்கிறது. மழை விட்ட நாளிலும் மூடுபனி இறங்கிவிடும். கீழே சமவெளியில் வெயிலில் சீக்கிரம் காய்கிற கம்பளி இங்கே மூன்று நாளானாலும் காயாது. நோய் பிடிப்பதற்கு வேறு காரணமே வேண்டாம்.

எங்கள் லாயத்தில் இதை மழைப்பக்கு என்போம். டாக்டர் இதன் கிருமிக்கு டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்று பெயர் சொன்னார். 1915-ல் அன்றைய பெல்ஜியன் காங்கோவில் மாடுகளிடம் முதன்முதலில் கண்டறிந்து எழுதியதால் அந்தப் பெயர். பார்க்கப் பூஞ்சை மாதிரி இழைவிட்டு வளர்ந்தாலும் இது பாக்டீரியா. காய்ந்த பொருக்குக்குள் பல மாதம் சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் அதிலிருந்து நீந்தக்கூடிய வித்துகள் வெளிப்பட்டு, தோலில் வழி தேடும். நல்ல தோலுக்குள் அவற்றால் நுழைய முடியாது. ஊறி மெலிந்த தோல், சேணம் உரசிய இடம், பூச்சி கடித்த புள்ளி, முள் கீறல், இப்படி ஏதாவது ஒரு வாசல் வேண்டும். ஈரமும் வாசலும் சேர்ந்தால்தான் நோய். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் கிருமியால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் வைத்தியம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது.

முதல் பாடம்: தடவல்

லாயத்தில் சேர்ந்த புதிதில் மாமா என் கையில் மருந்து எதையும் கொடுக்கவில்லை. "மொதல்ல எல்லாக் குதிரையையும் தினம் தடவு மாப்ள. நல்ல தோலு எப்படி இருக்குன்னு கைக்குத் தெரியணும். அப்பத்தான் கெட்ட தோலு தெரியும்" என்றார். காலையில் தீனி வைத்த பிறகு ஒவ்வொரு குதிரையாகத் தடவ வேண்டும். கழுத்து, தோள், முதுகு, புட்டம், விலா, வயிற்றடி, பிறகு நான்கு கால்களும் குளம்புக்கு மேல் மடிப்பு வரை. கண்ணை வேறெங்கும் ஓடவிடாமல் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டே தடவச் சொல்வார். வலிக்கிற இடத்தைக் கை நெருங்கினால் காது பின்னால் மடங்கும், தோல் சிலிர்க்கும், சில குதிரை முதுகைத் தாழ்த்திக்கொள்ளும். புண்ணைக் கை தொடுவதற்கு முன்பே குதிரை சொல்லிவிடும்.

மழைப்பக்கு வருகிற இடங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மழைநீர் எந்த வழியாக வழிகிறதோ அந்த வழியிலேயே வரும். முதுகுத்தண்டின் இரு பக்கமும், புட்டத்தின் மேலும், விலாவில் கோடுகோடாக இறங்கியும் இருக்கும். ரோமம் கொத்துக்கொத்தாக ஒட்டி நிற்கும். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் அடியில் பொருக்கோடு சேர்ந்து, சாயத்தில் தோய்த்துக் காயவிட்ட தூரிகை மாதிரி வந்துவிடும். அது வந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக, ஈரமாக, சில நேரம் மஞ்சளும் சாம்பலும் கலந்த சீழோடு இருக்கும். பொருக்கின் அடிப்பக்கம் குழிந்து, ரோம வேர்கள் அதைத் துளைத்து நீட்டிக்கொண்டிருக்கும். இந்த அடையாளம் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் சந்தேகமில்லை.

ஆனால் ஈரத்தில் வருவதெல்லாம் மழைப்பக்கு ஆகாது. வட்டவட்டமாக முடி கொட்டி, சாம்பல் செதிலோடு, வார் இறுக்கும் இடத்திலும் சேணத்தின் அடியிலும் தெரிந்தால் அது படர்தாமரை. அது பூஞ்சை. ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்கும், குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ராத்திரி முழுக்க மரத்தில் தேய்த்துக்கொண்டு, பிடரியும் வாலடியும் சொறிந்து சொறிந்து முடியிழந்தால் பேன் அல்லது பூச்சிக்கடி. உடம்பில் வெள்ளையாக உள்ள இடத்தில் மட்டும், வெயில் பட்ட பக்கம் மட்டும் தோல் வெந்து உரிந்தால் அது ஈரலின் கோளாறாகக்கூட இருக்கலாம். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. எது எது என்று பிரித்துத் தெரியாமல் கையில் கிடைத்ததைப் பூசுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய கேடு.

இரண்டாம் பாடம்: காயவைத்தல்

சவாரி முடிந்து நனைந்து வரும் குதிரையைக் காயவைப்பது தனி வேலை. முதலில் சேணத்தையும் கம்பளியையும் இறக்க வேண்டும். ஓரம் மழுங்கிய மரப்பட்டையால் ரோமம் படிந்த திசையிலேயே தண்ணீரை வழித்துவிட வேண்டும். பிறகு காய்ந்த சாக்கு. அதன் பிறகு வைக்கோல் பிரி. ஒரு பிடி வைக்கோலை முறுக்கிக் கையடக்கமாகக் கட்டிக்கொண்டு, ரோமத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தால் அடிரோமத்து ஈரம் வெளியே வரும், தோலில் ரத்த ஓட்டமும் கூடும். புண் உள்ள இடத்தில் மட்டும் தேய்க்கக் கூடாது. அங்கே பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

குதிரை குளிர்கிறதே என்று பாவம் பார்த்து நனைந்த உடம்பின்மேல் தார்ப்பாயோ நைலான் விரிப்போ போர்த்துகிறவர்கள் உண்டு. உள்ளே உடம்புச் சூட்டில் வேர்த்து, ஈரம் போக வழியில்லாமல் தோல் ஊறிவிடும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. காற்று போகிற கம்பளியாக இருந்தாலும் குதிரை காய்ந்த பிறகுதான் போர்த்த வேண்டும். அந்தக் கம்பளியும் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

கொட்டகையின் தரை மேடாகவும் சாய்வாகவும் இருந்தால் மூத்திரமும் தண்ணீரும் தேங்காது. கூரை ஒழுகக் கூடாது. மேல்பக்கம் காற்று போக இடைவெளி வேண்டும். மரம் இழைத்த சுருளையோ காய்ந்த வைக்கோலையோ படுக்கையாகப் பரப்பி, நனைந்த பகுதியை அன்றன்றே வாரிக் கொட்ட வேண்டும். நோய் வந்த இடத்தில் ரோமத்தைக் கத்தரித்துவிடுவதும் காயவைத்தலில் சேர்ந்ததுதான். வெட்டும்போது குளிருமே என்று எனக்குத் தயக்கமாக இருக்கும். ஆனால் அந்த அளவு இடத்துக்கு மட்டும் ரோமத்தைக் குறைத்துவிட்டால் காற்றுப் படும், மருந்தும் தோலுக்கு எட்டும். டாக்டர் சொன்ன இன்னொன்றும் இதோடு பொருந்துகிறது. நல்ல காற்றோட்டமும் உலர்வும் கிடைத்தால், லேசான மழைப்பக்கு பல குதிரைகளில் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். மருந்து அதை விரைவுபடுத்துகிறது. ஈரம் தொடர்ந்தால் எந்த மருந்தும் நிற்காது.

கழுவும் முறை

பொருக்கைப் பிய்த்து எடுக்கக் கூடாது. காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், குதிரைக்கு உயிர் போகிற வலி, அடுத்த முறை பக்கத்திலேயே நிற்கவிடாது. ஊறவைத்து, தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுக்க வேண்டும்.

நாங்கள் செய்வது இது. வெயில் அடிக்கிற அல்லது குறைந்தது மழையில்லாத காலைப்பொழுதைத் தேர்ந்தெடுப்போம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து முதலில் சேற்றையும் அழுக்கையும் நீக்குவோம். அழுக்கின்மேல் ஊற்றினால் அயோடின் மருந்தின் வீரியம் போய்விடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 10 சதவீத போவிடோன் அயோடினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெந்நீர் கலந்தால் 1 சதவீதமாகும். அதைத் துணியில் தோய்த்துப் பொருக்கின்மேல் பொத்தி 10 நிமிடம் ஊறவிட வேண்டும். இந்தப் 10 நிமிடத்தை யாரும் குறைக்கக் கூடாது. ஊற்றியவுடனே அலசிவிடுகிறவர்களுக்கு மருந்து வேலை செய்வதே இல்லை. ஊறிய பிறகு விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் இளகிய பொருக்கு கழன்று வரும். வராததை அப்படியே விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். பிறகு ஒற்றித் துடைத்து, முழுவதும் காயும்வரை குதிரையைக் காற்றில் நிறுத்த வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் கலந்த கால்நடை ஷாம்பு கிடைத்தால் அதுவும் நல்லது. அதோடு சாதாரண சோப்பைச் சேர்க்கக் கூடாது. சோப்பு பட்டால் அந்த மருந்து செயலிழந்துவிடும். ஒரு வாரம்வரை தினமும், பிறகு ஆறும்வரை வாரம் ஒருமுறை இரண்டுமுறை என்பது டாக்டர் சொன்ன கணக்கு. நோய் இல்லாத குதிரையை மழைக்காலத்தில் ஷாம்பு போட்டு அடிக்கடி குளிப்பாட்டுவதும் தவறு. தோலில் ஊறும் இயற்கையான எண்ணெய்ப் பசைதான் அதன் காவல். அதைக் கழுவி எடுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

கழன்ற பொருக்கைத் தரையில் சிந்தவிடக் கூடாது. மாமா ஒரு பழைய வாளியை அதற்கென்றே வைத்திருக்கிறார். ஒவ்வொரு துணுக்கையும் அதில் போட்டு, வேலை முடிந்ததும் அடுப்பில் எரித்துவிடுவார். பொருக்குக்குள்தான் அடுத்த மழைக்கான வித்து இருக்கிறது.

வேம்பும் மஞ்சளும் உப்பும்

கொடைக்கானல் குளிரில் வேம்பு வளராது. வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவருவது எனக்கு ஏற்பட்ட வேலை. இரண்டு கைப்பிடி இலையை நான்கு லிட்டர் தண்ணீரில் போட்டு, நீர் பச்சையும் பழுப்புமாக மாறும்வரை கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்துவோம். மருந்து போட்டு அலசிய பிறகு கடைசி நீராக இதை ஊற்றுவோம். அரிப்பு அடங்குகிறது, பூச்சி அண்டுவது குறைகிறது. ஆரம்ப நிலையில் நாலைந்து குருணை மட்டும் தட்டுப்படும்போது இது போதுமானதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதுகெங்கும் பரவிய பிறகு இதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. கஷாயமும் தண்ணீர்தான், ஊற்றிய பிறகு துடைத்துக் காயவைக்காவிட்டால் அதுவே ஈரமாகிவிடும்.

தோல் உரிந்து பச்சையாகத் தெரிகிற இடத்தில் எந்த மருந்தும் எரியும். அங்கே உப்புநீர் உகந்தது. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. உடம்பின் உப்பளவு அதுதான், அதனால் எரிச்சல் இராது. கண்ணளவில் அள்ளிப்போட்டு அளவு கூடினால் குதிரை துள்ளும்.

மஞ்சளைப் பற்றி மாமாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. "புண்ணு ஈரமா இருக்கையில எண்ணெ தொடாத. காஞ்சு, பக்கு எல்லாம் போயி, தோலு வறண்டு வெடிக்குது பாரு, அப்பப் போடு" என்பார். மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவது ஆறிய தோலை மென்மையாக்கத்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மரபு மருத்துவ முறைகளில், மாடுகளின் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சிப் பூசும் மருந்து ஒன்று இருக்கிறது. பல விவசாயிகளுக்கு நல்ல பலன் தந்த மருந்து அது. ஆனால் மாட்டுக்காயத்துக்குச் சொன்னதை மழைப்பக்கு பிடித்த குதிரை முதுகில் அப்படியே பூசக் கூடாது. எண்ணெய் மேலே மூடிக்கொண்டால் உள்ளே ஈரம் தங்கும், காற்றுப் படாது, காற்றுக் குறைந்த இடத்தில் இந்தக் கிருமி செழிக்கிறது. மேலும் குதிரையின் தோல் மாட்டுத்தோலைவிட நுட்பமானது. எதைப் புதிதாகப் பூசுவதானாலும் முதலில் உள்ளங்கையளவு இடத்தில் பூசி ஒருநாள் பார்க்க வேண்டும். தடித்துச் சிவந்தால் உடனே கழுவிவிட வேண்டும்.

பூசவே கூடாதவையும் உண்டு. வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், மண்ணெண்ணெய், டீசல், கழிவறை கழுவும் திரவம் எல்லாம் பூசிய குதிரைகள் எங்கள் லாயத்துக்கு வந்திருக்கின்றன. நோயோடு வெந்த புண்ணும் சேர்ந்து வந்தன. குளம்படி அழுகலுக்குப் பழைய ஆட்கள் பயன்படுத்தும் மயில்துத்தத்தைத் தோலில் வைத்தால் தோல் கருகிவிடும். குதிரை தன் உடம்பை நக்கும், பக்கத்துக் குதிரையையும் கடித்துச் சொறியும். தோலில் பூசியது வயிற்றுக்குள் போகும் என்பதை மறக்கக் கூடாது.

கால்களின் கதை

முதுகுக்கு மழை என்றால் கால்களுக்குச் சேறு. குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்மடிப்பில் தோல் சிவந்து, வெடித்து, பொருக்கு கட்டும். வெள்ளைக்கால் குதிரைகளுக்கு இது அதிகம். வெள்ளை ரோமத்தின் அடியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தோல் சீக்கிரம் கெடுகிறது. எங்களிடமுள்ள செவலைக்குப் பின்கால் இரண்டும் வெள்ளை. மழை தொடங்கியதும் அதன் கால்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

சேறோடு வந்த குதிரையின் காலைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவுவதுதான் எல்லோரும் செய்வது. மாமா அதைத் தடுத்துவிட்டார். தினமும் பீய்ச்சியடித்தால் சேற்று மணல் தோலில் உரசி நுண்ணிய கீறல் விழும், மடிப்பில் தண்ணீரும் நிற்கும். சேறு காயட்டும் என்று விட்டுவிட்டு, காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுவதே நல்லது. கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் துணியை நுழைத்து ஈரமில்லாமல் எடுக்க வேண்டும். மடிப்பின் ரோமத்தைக் குட்டையாக வைத்திருந்தால் சேறு அப்புவது குறையும். நோயில்லாத, காய்ந்த காலில் சவாரிக்கு முன் மெல்லிய பூச்சாகக் களிம்பு தடவி அனுப்பலாம். அது சேற்றைத் தள்ளும். புண் வந்த பிறகு களிம்பு போட்டு மூடுவது வேறு, அது கேடு. ஒரே பொருள் முந்தினால் காவல், பிந்தினால் தீங்கு என்று இந்தத் தொழிலில் கற்றது இதில்தான்.

கால் வீங்கி, தொட்டால் சுட்டு, குதிரை நொண்டினால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. தோலுக்கடியில் கிருமி பரவத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

துணியும் கருவியும் மனிதரும்

ஒரு குதிரையைக் குணப்படுத்தி, அதே பிரஷ்ஷால் அடுத்ததைத் தேய்த்தால் செய்த வேலை வீண். நோயுள்ள குதிரைக்குத் தனி பிரஷ், தனிக் கம்பளி, தனி வார் வேண்டும். கடைசியாகத்தான் அதைத் தொட வேண்டும். தொட்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும். மழைப்பக்கு மனிதருக்கு வருவது அபூர்வம், ஆனால் வரும். படர்தாமரை தாராளமாக வரும். துணிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்போம். கொடைக்கானல் பனியில் அவை காயாது என்பதால் விறகடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் தொங்கவிடுவோம். மழைக்காலத்துக்கு ஒரு குதிரைக்கு இரண்டு கம்பளி வைத்திருப்பது செலவு அல்ல. வைத்தியத்துக்கு ஆகும் காசில் அது சொற்பம்.

படர்தாமரை பிடித்த குதிரையைச் சவாரிக்கு விடுவதில்லை என்பது மாமாவின் சட்டம். தீபாவளிக் கூட்டமாக இருந்தாலும் மாற்றமில்லை. சவாரி கேட்பவர்களில் பாதிப்பேர் சிறுபிள்ளைகள். வெறுங்காலும் குட்டைக் கால்சட்டையுமாக உட்காரும் பிள்ளையின் தொடையில் அந்த நோயை ஏற்றி அனுப்ப யாருக்கும் உரிமையில்லை. ஒருநாள் வருமானம் போகும், உண்மைதான். ஓய்வும் கொள்ளும் தவிடும் நல்ல புல்லும் கிடைத்தால் குதிரையின் உடம்பே பாதி வைத்தியத்தைச் செய்துவிடும். மெலிந்த, குடற்புழு நிறைந்த, ஓய்வில்லாத குதிரைக்குத்தான் தோல் நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

எங்கே நிறுத்திக்கொள்வது

வீட்டு வைத்தியம் தெரிந்தவருக்கு, அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கொட்டகைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. நல்ல குதிரையின் உடல் வெப்பம் 99.5-லிருந்து 101.3 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கும். அதற்கு மேல் போனாலும், தீனி எடுக்காவிட்டாலும், கால் வீங்கினாலும், புண் கண்ணை நெருங்கினாலும், ஒரு வாரம் பத்து நாள் ஒழுங்காகச் செய்தும் பொருக்கு குறையாவிட்டாலும் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மழைப்பக்கு கடுமையானால் பென்சிலின் போன்ற ஊசி தேவைப்படும். அளவும் நாளும் அவர் சொல்ல வேண்டியவை. குதிரைக்கு டெட்டனஸ் மிகச் சுலபமாகப் பிடிக்கும், சின்னக் காயம் போதும். அதற்கான தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

தோலுக்கடியில் மணிமணியாக முடிச்சுகள் வரிசையாகக் கிளம்பி, உடைந்து சீழ் வடிந்து, மூக்கிலும் சளி ஒழுகினால் எதையும் தொடாமல் உடனே தகவல் சொல்ல வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய் அப்படித்தான் தெரியும். மனிதரையும் கொல்லக்கூடியது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் அது. கஷாயம் வைத்துப் பார்க்கிற விஷயமே அல்ல. பக்கத்தில் மருத்துவமனை இல்லாதவர்கள் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணை அழைக்கலாம்.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மழை தொடங்குவதற்கு முன்பே கூரையைச் சரிசெய்யுங்கள், இரண்டாவது கம்பளியை வாங்குங்கள், ஒரு புட்டி அயோடினும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி வையுங்கள். தினமும் காலையில் கையால் தடவிப் பாருங்கள். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குதிரையில் ஏறுவதற்கு முன் கம்பளியைத் தூக்கி முதுகைப் பாருங்கள். நனைந்திருந்தால், பொருக்கோ புண்ணோ தெரிந்தால், ஏற வேண்டாம். ஏன் ஏறவில்லை என்று குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். சவாரி கேட்பவர்கள் காய்ந்த முதுகைக் கேட்கத் தொடங்கினால், எல்லா லாயத்திலும் குதிரைகளின் முதுகு காயும்.